படிக்கட்டில் ஏறும் புகை: ஒரு சின்னச் சண்டையின் நீண்ட வரலாறு

போன மாரிக்கு எங்கட கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கப்பல்துறையில், கண்டி வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, ஒரே சுவரையும் ஒரே படிக்கட்டையும் பங்குபோட்டுக்கொண்டு ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறம். கீழே மூன்று, மேலே மூன்று. மழை நாளில் எல்லாரும் யன்னலைப் பூட்டிவிடுவோம். அப்போது கீழ் வீட்டில் யார் சிகரெட் பத்தினாலும் புகை நேரே படிக்கட்டால் ஏறி மேல் வீடுகளுக்குள் வரும். மேலே ஒரு சின்னப் பிள்ளைக்கு இழுப்பு. அந்தப் பிள்ளையின் அம்மாதான் கூட்டத்தைக் கூட்டினவ. "கட்டடத்துக்குள்ள ஒருத்தரும் பத்தக் கூடாது எண்டு எழுதி ஒட்டுவம்" என்றா.

கீழ் வீட்டு ஐயாவுக்குக் கோபம் வந்தது. "பிள்ளை, நான் வாடகை குடுக்கிற என்ர வீட்டுக்குள்ள பத்துறன். இதெல்லாம் இப்ப வந்த புதுப் பழக்கம். முந்தி எங்கயாவது இப்பிடித் தடை இருந்ததே?"

அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. பிறகு தேடி வாசித்தபோதுதான் விளங்கியது, ஐயா சொன்னது பாதி பிழை, பாதி சரி.

பிழையான பாதி இதுதான்: புகைக்குத் தடை போட்டது இன்று நேற்று அல்ல. 1633ல் இஸ்தான்புல் நகரில் பெரிய தீ ஒன்று மூண்டது. மரவீடுகள் நெருக்கமாக இருந்த நகரம் அது. அதே வருடம் ஓட்டோமன் சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடை செய்தார், கோப்பிக் கடைகளையும் பூட்டினார். மீறினவர்களுக்கு மரண தண்டனை வரை போனது. தீ ஒரு காரணம்தான். கோப்பிக் கடையில் கூடிப் புகைத்துக்கொண்டு அரசனைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். அதற்குக் கொஞ்சம் முந்தி, 1604ல், இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் தானே பேனையைப் பிடித்து புகையிலைக்கு எதிராக ஒரு சிறுநூல் எழுதினார். எழுதிவிட்டு புகையிலைக்கு வரியையும் கூட்டினார்.

பெர்லினில் 1848 வரை தெருவில் புகைப்பது குற்றம். அந்த வருடம் மார்ச் மாதம் புரட்சி வெடித்து, மக்கள் தடுப்புகள் கட்டி அரச படையோடு சண்டை பிடித்தார்கள். அவர்கள் கேட்ட பெரிய உரிமைகளோடு சேர்த்து, தெருவிலும் பூங்காவிலும் புகைக்கும் உரிமையும் கேட்டார்கள். அது கிடைத்தது. அதே 1848 ஜனவரியில் மிலான் நகரத்தில் நேர் எதிரான கதை. ஆஸ்திரிய ஆட்சிக்குப் புகையிலை வரி போகக் கூடாது என்று மிலான் மக்கள் புகைப்பதையே விட்டார்கள். ஆஸ்திரியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே தெருவில் சுருட்டைப் பத்திக்கொண்டு திரிய, கலவரம் வந்து உயிர்களும் போயின. ஒரே வருடம். ஓரிடத்தில் புகைப்பது சுதந்திரம், இன்னோரிடத்தில் புகைக்காமல் விடுவது சுதந்திரம். ஆகவே "இது என்ர சுதந்திரம்" என்று யாராவது தொடங்கினால், எந்த ஊர், எந்த வருடம் என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கட பக்கத்துக்கே வருவோம். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் அந்தத் தாங்கிகளில் ஒன்றின் மேல் வந்து விழுந்தது. தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. உருகி நெளிந்த அதன் மிச்சம் பிறகும் அங்கே கிடந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தீப்பெட்டியை உரசலாமா என்று யாரும் கூட்டம் போட்டுக் கேட்பதில்லை. கப்பலிலும் அப்படித்தான். மரத்தாலும் கயிற்றாலும் தாராலும் ஆன பழைய பாய்க்கப்பலில் எங்கே, எப்போது புகைக்கலாம் என்பதற்குக் கட்டளை இருந்தது. வெடிமருந்து ஏற்றும்போது முழுத் தடை. யோசித்துப் பார்த்தால் கப்பலும் பல பேர் ஒரே கூரைக்குக் கீழே படுத்தெழும்புகிற கூட்டுக் குடியிருப்புத்தானே. துறைமுகத்துக்காரருக்கு இந்த விதி புதிசில்லை.

ஆனால் இந்தத் தடைகள் எல்லாம் நெருப்புக்காக, அல்லது அரசனுக்காக. பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்காக இல்லை. ஐயா சொன்னதில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. அடுத்தவரின் சுவாசத்துக்காக வீட்டுக்குள் தடை என்பது உண்மையில் புதிசுதான்.

முந்தி ஏன் அது கேள்வியாக வரவில்லை என்று யோசித்தேன். எங்கட சமூகம் புகையிலையோடு ஊறின சமூகம். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பிறகும் கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போய் விலைப்பட்டது. அந்த வியாபாரத்தின் காசில் காணி வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். சுருட்டுக் கொட்டில்கள் இருந்தன. ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சுருட்டுச் சுற்றினார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். எந்த வீட்டிலும் தாத்தாவின் வாயில் சுருட்டு, அப்பாச்சியின் வாயில் வெத்திலையோடு ஒரு துண்டுப் புகையிலை. ஆனால் அந்த வீட்டை ஒருக்கால் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கிடுகுக் கூரை, திறந்த விறாந்தை, திண்ணை, சுற்றிவர வேலி, நாலு பக்கமும் காற்று. தாத்தா சாய்மனைக் கதிரையில் இருந்து பத்துவார். புகை வேப்பமரத்துக்குப் போகும்.

நாங்கள் இப்போது இருப்பது அந்த வீட்டில் இல்லை. யுத்தமும் சுனாமியும் காணி விலையும் சேர்ந்து எங்களைச் சீமெந்துப் பெட்டிகளுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. முகாமில் ஒரு தறப்பாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த குடும்பங்களுக்குத் தெரியும், அடுத்தவரின் இருமலும் புகையும் எங்கே முடிகிறது என்று சொல்லவே ஏலாது. பழக்கம் திண்ணைக் காலத்துப் பழக்கம். வீடு மட்டும் மாறிவிட்டது. என் கணிப்பில் சண்டையின் வேர் அங்கேதான்.

மருத்துவப் பக்கத்தில் மாற்றம் வந்தது யப்பானில் இருந்து. தகேஷி ஹிரயாமா என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர் ஒரு எளிமையான கேள்வியைக் கேட்டார்: தாங்கள் புகைக்காத பெண்களுக்கு, புருஷன் புகைப்பதால் ஏதும் நடக்கிறதா? 40 வயதும் அதற்கு மேலும் உள்ள, புகைக்காத 91,540 மனைவிமாரை 14 வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1981 ஜனவரியில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார். கூடுதலாகப் புகைக்கிற ஆண்களின் மனைவிமாருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, புகைக்காதவர்களின் மனைவிமாரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகையிலைக் கம்பனிகள் உடனே பாய்ந்தன. கணக்கு பிழை என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுச் சொன்னார்கள். பிறகு அமெரிக்க வழக்குகளில் கம்பனிகளின் உள்ளுக்குள்ளான ஆவணங்கள் வெளியே வந்தபோது, ஹிரயாமா சொன்னது சரி என்று அவர்களுடைய ஆட்களே தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது.

91,540 பெண்கள். ஒரு தடவையாவது யாரும் அவர்களிடம் "நீங்க இதுக்கு ஓமா?" என்று கேட்டிருப்பார்களா? எங்கட கூட்டத்திலும் அதுதான் என்னை உறுத்தினது. ஐந்து ஆண்கள் கதைத்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தவிர மற்றப் பெண்கள் எல்லாரும் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்கள். வீட்டுக்குள் கூடுதலான நேரம் இருக்கிறது அவர்கள்தான்.

யப்பான் கதை அதோடு முடியவில்லை. ஆய்வுக்குப் பிறகு மனைவிமார் வாயைத் திறந்தார்கள். "வீட்டுக்குள்ள வேண்டாம்." ஆண்கள் தொடர்மாடியின் பல்கனிக்கு வந்தார்கள். இரவில் வரிசை வரிசையாகப் பல்கனிகளில் சிகரெட் நுனிகள் மினுங்கும். அந்த ஆட்களுக்கு யப்பானியர் 'மின்மினிக் கூட்டம்' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள். பெயர் என்னவோ நல்ல வடிவு. ஆனால் கீழ்ப் பல்கனியின் புகை மேல் வீட்டு யன்னலுக்குள் போனது. நாகோயா மாவட்ட நீதிமன்றம் 2012 டிசம்பரில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மேல் வீட்டுப் பெண் பல தடவை சொல்லியும் கீழ் வீட்டுக்காரர் பல்கனியில் புகைப்பதை நிறுத்தவில்லை. சொந்தப் பல்கனியே என்றாலும், அடுத்தவருக்குக் கணிசமான பாதிப்பு என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தால் அது தவறுதான் என்று சொல்லி 50,000 யென் நட்டஈடு கட்டச் சொன்னார்கள். பெரிய காசில்லை. ஆனால் "என்ர வீடு, என்ர விருப்பம்" என்ற வசனத்துக்கு ஒரு எல்லை போடப்பட்டது.

ஜேர்மனியில் இதே கதை வேறு மாதிரி முடிந்தது, எனக்கு அந்த முடிவு கொஞ்சம் கூடப் பிடித்திருக்கிறது. பிராண்டன்பேர்க் மாநிலத்தில் பிரெம்னிட்ஸ் என்ற சின்ன ஊர். கீழ் வீட்டுத் தம்பதி பல்கனியில் புகைக்கிறார்கள், மேல் வீட்டுத் தம்பதி வழக்குப் போடுகிறார்கள். கீழ் நீதிமன்றங்களில் மேல் வீட்டார் தோற்றார்கள். வழக்கு நாட்டின் உயர் சிவில் நீதிமன்றம் வரை போய், 2015 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் தங்கள் வீட்டை அனுபவிக்க உரிமை உண்டு. புகை உண்மையில் தாங்க ஏலாத தொல்லை என்றால் நேரத்தைப் பிரியுங்கள்: இந்த மணியில் இருந்து இந்த மணி வரை புகை இல்லை, மற்ற நேரம் நீங்கள் பத்தலாம். எங்கட ஊரில் குழாய்த் தண்ணிக்கு முறை வைத்த மாதிரி.

இந்தியாவில் முதல் பெரிய அடி கேரளாவில் விழுந்தது. கே. ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்ற வழக்கில் 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் உயிர் வாழும் உரிமையை மீறுகிறது, அது பொதுத் தொல்லை என்ற குற்றத்துக்குள்ளும் வரும் என்று சொன்னது. தீர்ப்புச் சொன்ன இரு நீதிபதிகளில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரரான ஏ.ஆர். லட்சுமணன். இரண்டு வருடம் கழித்து இந்திய உச்ச நீதிமன்றமும் அதே வழிக்கு வந்தது.

இலங்கை இதில் பின்னுக்கு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003 நவம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. ஆசியாவில் முதல் ஆட்களில் நாங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தோடு புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை வந்தது. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது. விதிவிலக்கும் உண்டு: 30 அறைக்குக் குறையாத ஹோட்டல், 30 பேருக்குக் குறையாமல் இருக்கக்கூடிய சாப்பாட்டுக் கடை, விமான நிலையம் போன்ற இடங்களில் புகைப்பதற்கென்று தனி இடம் வைக்கலாம். எங்கட சந்திச் சாப்பாட்டுக் கடைக்கு அந்தச் சலுகை இல்லை. பெரிய இடத்துப் புகைக்கு மட்டும் ஒரு கதவு திறந்தே கிடக்கிறது.

ஆனால் சட்டம் நிற்பது 'பொது இடம்' என்ற சொல்லில். வீட்டுக்கு வாசற்படி வரை வந்து அங்கே நின்றுவிடுகிறது. படிக்கட்டு பொது இடமா, வீடா? முறையாகப் பதிந்த தொடர்மாடி என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுப் பகுதிகள் எல்லா உரிமையாளருக்கும் சேர்ந்தவை, அவற்றை நடத்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், விதிகள் போடலாம். கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரர் அந்த விதியைக் காட்டிக் கதைக்கலாம். எங்கட மாதிரி வாடகைக் கட்டடத்தில் வீட்டுச் சொந்தக்காரர் சொல்வதுதான் சட்டம். அவர் வெளிநாட்டில்.

இந்த வாசற்படிக் கேள்வியை ஆக நீளமாக விவாதித்த நாடு சிங்கப்பூர். அங்கே பத்தில் எட்டுப் பேரளவில் அரசு கட்டிய தொடர்மாடிகளில் இருக்கிறார்கள், எங்கட தமிழ் ஆட்களும்தான். 1970லேயே பஸ்ஸிலும் படமாளிகையிலும் புகைக்கத் தடை போட்ட நாடு. 2013 ஜனவரி 15ல் இருந்து குடியிருப்புக் கட்டடங்களின் பொது நடைவழி, படிக்கட்டு, கீழ்த்தள வெளி எல்லாவற்றிலும் தடை. அப்போது என்ன நடந்தது? படிக்கட்டில் நின்றவர்கள் வீட்டுக்குள் போய் யன்னலோரம் நின்று பத்தத் தொடங்கினார்கள். புகை முந்தியதைவிடக் கிட்ட வந்தது. 2020 அக்டோபரில் லூயிஸ் இங் என்ற பாராளுமன்ற உறுப்பினர், யன்னலோரமும் பல்கனியிலும் புகைப்பதையும் குற்றமாக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் கேட்டார். அவர் ஆளுங்கட்சிக்காரர். அமைச்சின் சார்பில் ஏமி கோர் மறுத்தார்: வீட்டுக்குள் சட்டம் நுழைவது மக்களின் அந்தரங்கத்தில் கைவைப்பது, அமுல்படுத்துவதும் கஷ்டம். அடுத்த வருடமும் அவர் விடாமல் கேட்டார். அப்போதும் அதே பதில். பொது நடைவழிகளில் புகைப்பவரைப் பிடிக்க வெப்பத்தைக் காட்டும் கமராக்களைப் பாவிக்கிற அரசாங்கம்கூட, வீட்டு யன்னலைப் பார்த்து அதைத் திருப்பத் தயங்கியது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். மனசுக்குள் நான் அந்த அம்மாவின் பக்கம்தான், பிள்ளை இழுப்பில் முழிக்கும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். ஆனால் 'வீட்டுக்குள் சட்டம் நுழைவது' என்பதைச் சிங்கப்பூர்க்காரர் கேட்கும் காதும் திருகோணமலைக்காரர் கேட்கும் காதும் ஒன்றில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, சுற்றிவளைப்பில் கதவைத் திறந்துவிட்டு, முற்றத்தில் வரிசையில் நின்ற ஆட்கள் எங்கட பெற்றோர். கீழ் வீட்டு ஐயாவும் அப்படி நின்ற ஒருவர். அவர் "என்ர வீடு" என்று கத்தினபோது அதில் சிகரெட் மட்டும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அமெரிக்கா செய்ததைப் பார்த்தால் இந்தச் சங்கடம் இன்னும் தெளிவாகும். அங்கே வீடமைப்புத் திணைக்களம் அரசின் பொதுக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும், வீட்டு அறைகளுக்குள்ளும் சேர்த்து, சிகரெட்டைத் தடை செய்தது. 2018 ஜூலை 31க்குள் எல்லா இடத்திலும் அமுலுக்கு வரவேண்டும். கட்டடத்தில் இருந்து 25 அடி வரை புகைக்கக் கூடாது. பல லட்சம் வீடுகள், ஏறத்தாழ 20 லட்சம் மக்கள். அதில் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களுக்கு அது நன்மைதான். ஆனால் பொதுக் குடியிருப்பில் இருப்பது ஆர்? வருமானம் குறைந்தவர்கள், வயதுபோனவர்கள், நடக்க ஏலாதவர்கள். நாலாம் மாடியில் இருக்கிற முடியாத மனுஷி குளிருக்குள் 25 அடி நடந்து போய்ப் பத்த வேண்டும். மீறினால் கடைசியில் வீடே போகலாம். நகரத்தின் மறுபக்கத்தில் சொந்த மாளிகையில் இருப்பவரை இந்த விதி தொடாது. புகை ஒன்றுதான், ஆனால் யாருடைய வீட்டுக் கதவைச் சட்டம் முதலில் தட்டுகிறது என்று பாருங்கள்.

சரி, எங்கட கட்டடம்.

இரண்டாவது கூட்டம் தை மாசம் நடந்தது. நான் இந்தக் கதைகளில் கொஞ்சத்தைச் சொன்னேன். பெர்லின் கதைக்கு ஐயா சிரித்தார். யப்பான் கதைக்குச் சிரிக்கவில்லை. அவரின் மனைவி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்து, "நாப்பது வருஷமா நானும் சேர்ந்துதான் பத்திக்கொண்டிருக்கிறன் போல" என்றா. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

"கூடாது" என்று எழுதி ஒட்டும் யோசனையை அந்த அம்மாவே கைவிட்டா. "அறிவித்தல் ஒட்டினா ஐயாட பேரை ஒட்டின மாதிரி இருக்கும்" என்றா. கதைத்துக் கதைத்து ஜேர்மன்காரர் மாதிரி ஒரு முறைக்கு வந்தோம்: படிக்கட்டிலும் கீழ் விறாந்தையிலும் எப்போதும் இல்லை; வீட்டுக்குள் இரவு எட்டு மணியில் இருந்து விடியும் வரை இல்லை, ஏனென்றால் பிள்ளைக்கு இழுப்பு வருவது இரவில். மழை இல்லாத நேரம் பின்வளவில் வாகை மரத்தடிக்குப் போகலாம். அதற்கு ஒரு வாங்கு வேண்டும் என்று ஐயா கேட்டார். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பலகை வாங்கினோம்.

ஐயா எல்லா நாளும் முறையைக் காப்பாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். போன கிழமை பெரிய மழை. இரவு பத்து மணி இருக்கும், படிக்கட்டால் அந்த மணம் மெல்ல ஏறியது. மேல் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மா இறங்கிப் போனா. சண்டை வரப்போகுது என்று நானும் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். கீழே, "ஐயா, குடை இருக்கு, தரட்டே?" என்று கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்கதவு திறந்தது.